பஞ்சுக்கு நியாயம் கேட்ட நான்கு நாடுகள்

2003-ஆம் ஆண்டு ஜூன் 10. ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள உலக வர்த்தக அமைப்பின் தலைமையகத்தில் வர்த்தகப் பேச்சுவார்த்தைக் குழு கூடியிருந்தது. அந்தக் குழுவில் வழக்கமாகப் பேசுகிறவர்கள் தூதர்கள். வரி விகிதங்களிலும் அடிக்குறிப்புகளிலும் ஊறிப்போனவர்கள். அன்று பேச வந்தவரோ ஒரு நாட்டின் அதிபர், புர்கினா ஃபாசோவின் பிளேஸ் கொம்பாவோரே. அவர் கடன் தள்ளுபடி கேட்கவில்லை, உதவித்தொகையும் கேட்கவில்லை. எங்கள் பருத்தி விவசாயி உலகச் சந்தையில் யாரோடு வேண்டுமானாலும் போட்டி போடத் தயார், எதிரே நிற்கிறவனுக்கு அவனுடைய அரசாங்கம் பணம் கொடுக்காமல் இருந்தால் போதும் என்பதுதான் அவர் பேச்சின் சாரம்.

கொம்பாவோரே உத்தமர் அல்ல. 1987 அக்டோபரில், அதிபராக இருந்த நண்பர் தாமஸ் சங்காரா சுட்டுக் கொல்லப்பட்ட ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்தவர். அந்தக் கொலையில் அவருக்கும் உடந்தை இருந்தது என்று 35 ஆண்டுகள் கழித்து, 2022-இல், அவர் நாட்டின் ராணுவ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்காரா, உள்ளூர்ப் பருத்தியில் உள்ளூர்த் தறியில் நெய்த 'ஃபாசோ டான் ஃபானி' துணியை அரசு ஊழியர்கள் உடுத்த வேண்டும் என்று வற்புறுத்தியவர். சர்வதேச மாநாடுகளுக்கும் அதையே அணிந்து போனவர். சங்காராவின் நாட்டிலிருந்து, அவருடைய சாவுக்குப் பொறுப்பானவரே பருத்தி விவசாயிக்காகப் பேச ஜெனீவா வந்தார். சொன்னவர் யார் என்பதால் சொன்ன வழக்கின் நியாயம் குறைந்துவிடாது.

அந்த வழக்கு என்னவென்று பார்ப்பதற்கு முன் சென்ற வார அத்தியாயத்தைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். வர்த்தகப் பேச்சுவார்த்தையின் உருகுவே சுற்று 1994 ஏப்ரலில் மராகேஷ் நகரில் கையெழுத்தானதோடு நிறுத்தியிருந்தோம். அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டிலும் 'டங்கல் திட்டம்' என்ற பெயர் மேடைகளில் பலமாக அடிபட்டதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உலக வர்த்தக அமைப்புக்கு முன்பிருந்த காட் அமைப்பின் தலைமை இயக்குநர் ஆர்தர் டங்கல் 1991 டிசம்பரில் வைத்த வரைவை அடித்தளமாகக் கொண்டு உருவானதுதான், 1995 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வேளாண் ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தம் மானியங்களைப் பெட்டிகளாகப் பிரித்தது. விலையையும் உற்பத்தியையும் நேரடியாகப் பாதிக்கும் மானியம் ஆம்பர் பெட்டி. அதற்கு உச்சவரம்பு உண்டு, குறைத்துக்கொண்டே வர வேண்டும். உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் நிபந்தனையோடு தருவது நீலப் பெட்டி. உற்பத்தியைப் பாதிக்காது என்று கருதப்படுவது பச்சைப் பெட்டி. அதற்கு வரம்பே கிடையாது. உச்சவரம்பைக் கணக்கிட எடுத்துக்கொண்ட ஆண்டுகள் 1986 முதல் 1988 வரை. அமெரிக்காவும் ஐரோப்பாவும் விவசாய மானியத்தை அள்ளி இறைத்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அதனால், ஒப்புக்கொண்டபடி 20 விழுக்காடு குறைத்த பிறகும், ஆண்டுக்கு 1,910 கோடி டாலர் வரை ஆம்பர் மானியம் தர அமெரிக்காவுக்கு உரிமை மிஞ்சியது. அந்த மூன்று ஆண்டுகளில் விவசாயிக்குக் கொடுக்கக் கையில் காசில்லாத நாடுகளுக்குக் கிடைத்தது, உற்பத்தி மதிப்பில் 10 விழுக்காடு வரை ஆதரவு தரலாம் என்ற விலக்குதான். முன்பு நிறையக் கொடுத்தவர்கள் இனியும் நிறையக் கொடுக்கலாம். கொடுக்காமல் இருந்தவர்கள் இனிமேல் தொடங்கக் கூடாது. வேளாண் ஒப்பந்தத்தின் அடிப்படை அநீதி என்று நான் கருதுவது இதைத்தான்.

இன்னொரு பிரிவையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். 13-ஆம் பிரிவுக்குச் 'சமாதானப் பிரிவு' என்று பெயர். 2003 இறுதி வரை வேளாண் மானியங்களின் மீது வழக்குத் தொடுக்க விடாமல் அது காப்பு அளித்தது. ஆனால் ஒரு நிபந்தனை: எந்தப் பயிரானாலும் அதற்குத் தரும் ஆதரவு 1992 சந்தை ஆண்டில் தீர்மானித்த அளவைத் தாண்டக் கூடாது. பிற்பாடு அமெரிக்கா வகையாக மாட்டிக்கொண்டது இந்த ஒற்றை நிபந்தனையில்தான்.

இனி ஆப்பிரிக்காவுக்குப் போவோம். புர்கினா ஃபாசோ, மாலி, சாட் ஆகிய மூன்றும் கடற்கரையே இல்லாத நாடுகள். பெனினுக்குக் கடல் உண்டு. நான்கும் பிரெஞ்சுக் காலனிகளாக இருந்தவை. பருத்தி அந்த மண்ணுக்குப் புதிதல்ல என்றாலும், ஏற்றுமதிப் பயிராக அதைக் கட்டாயப்படுத்திப் பயிரிட வைத்தது காலனி ஆட்சி. 1949-இல் பிரெஞ்சு அரசு இதற்கென்றே ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தியது. விடுதலைக்குப் பிறகு அந்த அமைப்புமுறை தேசியப் பருத்தி நிறுவனங்களின் கைக்கு மாறியது. மாலியில் அதற்கு 'செஎம்டேடே' என்று பெயர்; புர்கினாவில் 'சோஃபிடெக்ஸ்'.

அங்கே பருத்தி விவசாயம் நடக்கும் விதத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தால்தான் பின்னால் நடந்த பேச்சுவார்த்தையின் கொடுமை புரியும். ஒரு குடும்பம் பருத்தி போடுவது பெரும்பாலும் ஐந்தாறு ஏக்கரில். மே, ஜூனில் முதல் மழை விழுந்ததும் ஏர் பூட்டி விதைப்பு. முழுக்க மானாவாரி. களையெடுப்பு முடிந்து, அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை பருத்தி எடுப்பு. பெண்களும் பிள்ளைகளும் உட்பட வீட்டில் உள்ள அத்தனை பேரும் காட்டில் இறங்கிக் கையால் எடுப்பார்கள். கையால் எடுப்பதால் பஞ்சின் இழை சிதைவதில்லை, சருகு கலப்பதும் குறைவு. எடுத்த பருத்தி ஊர்ப் பொது இடத்தில் வெள்ளைக் குவியலாக ஏறும். எடை போட்டு எழுதுவார்கள். பிறகு ஜின்னிங் ஆலையிலிருந்து லாரி வருவதற்காகக் காத்திருப்பு.

விதை, உரம், பூச்சிமருந்து எல்லாம் பருத்தி நிறுவனம் கடனாகத் தருவது. அந்தக் கடனுக்கு ஊர்ச் சங்கமே கூட்டுப் பொறுப்பு. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பங்கில் பிடிப்பார்கள். விளைந்த பருத்தி முழுவதையும் பருவம் தொடங்கும் முன்பே அறிவித்த விலைக்கு நிறுவனம் வாங்கிக்கொண்டு, கடனைக் கழித்து மிச்சத்தைக் கையில் கொடுக்கும். பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு, புது மாடு, கல்யாணம் எல்லாம் இந்த மிச்சத்திலிருந்துதான்.

இன்னொரு விஷயம். அடுத்த வயலில் போடும் மக்காச்சோளத்துக்கும் உரம் இந்தப் பருத்திக் கடன் வழியாகத்தான் வருகிறது. வங்கி அந்த ஊருக்கு வராது; வேறு எந்தப் பயிருக்கும் கடன் கொடுக்க ஆளில்லை. பருத்தியை விட்டால் உணவுப் பயிருக்கும் உரம் இல்லை. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இப்படிப் பருத்தியை நேரடியாக நம்பி வாழ்ந்தார்கள். புர்கினாவின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பகுதி பருத்தியால் வந்தது.

1994 ஜனவரியில் பிரெஞ்சு ஃபிராங்கோடு கட்டப்பட்டிருந்த அவர்களுடைய நாணயத்தின் மதிப்பு பாதியாகக் குறைக்கப்பட்டது. ஏற்றுமதிக்கு அது சாதகம். சாகுபடிப் பரப்பு விரிந்தது. உலக வங்கியும் நன்கொடை நாடுகளும் சொன்னது அதைத்தான்: உங்களுக்கு எது மலிவாக விளையுமோ அதை விளைவித்து ஏற்றுமதி செய்யுங்கள். சொன்ன சொல்லைத் தட்டாமல் செய்தார்கள். உலகத்திலேயே மிகக் குறைந்த செலவில் பருத்தி விளைவிக்கும் நாடுகளில் அவர்களும் இருந்தார்கள். அமெரிக்க விவசாயிக்கு ஒரு பவுண்டு பஞ்சுக்கு ஆகும் செலவு இவர்களுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம்.

1995-இல் உலகச் சந்தையில் ஒரு பவுண்டு பஞ்சு ஒரு டாலரைத் தாண்டி விற்றது. பிறகு இறங்கத் தொடங்கிய விலை, 2001 அக்டோபரில் 35 சென்ட் அளவுக்கு வந்து விழுந்தது. அதற்கு முன்பே மாலியில் பொறுமை தீர்ந்துவிட்டது. 2000-01 பருவத்தில் விவசாயிகள் பருத்தி போட மறுத்தார்கள்; அந்த நாட்டின் உற்பத்தி ஏறக்குறையப் பாதியானது. பருத்தி நிறுவனம் இறங்கிவந்து கொள்முதல் விலையை உயர்த்தியது. ஆனால் உலக விலை உயராதபோது அந்தக் கூடுதல் தொகை அரசாங்கத்தின் கஜானாவிலிருந்து, அதாவது பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டிய பணத்திலிருந்து வர வேண்டியதாயிற்று.

விலை இறங்கினால் விளைச்சலும் குறைய வேண்டும். அது சந்தையின் இயல்பு. ஆனால் அதே 2001-இல் அமெரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா? அங்கே அதுவரை கண்டிராத விளைச்சல். 480 பவுண்டு பேல் கணக்கில் 2 கோடி பேலுக்கு மேல். விலை அதல பாதாளத்தில், விளைச்சல் உச்சத்தில். இந்த முரணுக்குக் காரணம் மானியம்.

2002 மே மாதம் அதிபர் புஷ் கையெழுத்திட்ட வேளாண் சட்டத்தை வைத்து இதன் கணக்கைப் பார்க்கலாம். பருத்திக்கு அந்தச் சட்டம் வைத்த இலக்கு விலை பவுண்டுக்கு 72.4 சென்ட். சந்தையில் விலை 52 சென்டுக்குக் கீழே போனால், அந்த இடைவெளியை ஒரு திட்டம் ஈடுகட்டும். 52-க்கு மேல் 72.4 வரையிலான பகுதியை, பழைய சாகுபடிப் பரப்பை அடிப்படையாக வைத்து இன்னும் இரண்டு திட்டங்கள் நிரப்பும். அதற்கும் மேலே பயிர்க் காப்பீட்டு மானியம், ஏற்றுமதிக் கடன் உத்தரவாதம். உள்நாட்டுப் பஞ்சு விலை அதிகமாக இருந்தால், அதை வாங்கும் ஆலைக்கும் ஏற்றுமதியாளருக்கும் வித்தியாசத்தைத் தரும் 'ஸ்டெப் 2' என்ற திட்டம் வேறு. சந்தையில் 35 சென்ட் விற்றால் என்ன, 60 விற்றால் என்ன, அமெரிக்க விவசாயிக்குக் கவலை இல்லை. மாலி விவசாயியின் வருமானமோ அந்த 35 சென்டைச் சார்ந்தது.

அமெரிக்காவில் பருத்தி விவசாயிகள் சுமார் 25,000 பேர். அவர்களுக்கு அந்த ஆண்டுகளில் போன மானியம் ஆண்டுக்கு 300 கோடி டாலருக்கு மேல். புர்கினா ஃபாசோவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியே அந்த அளவுக்குத்தான் இருந்தது. எண்ணிக்கையில் சிறியவர்களானாலும் அரசியலில் அவர்கள் கை ஓங்கியிருந்தது. 2002 சட்டத்தை வடிவமைத்த பிரதிநிதிகள் சபை வேளாண் குழுவின் தலைவர் லாரி காம்பெஸ்ட், டெக்சாஸின் பருத்திப் பூமியான லப்பக் பகுதியின் உறுப்பினர். 2003-இல் செனட் வேளாண் குழுவின் தலைவர், மிசிசிப்பியைச் சேர்ந்த தாட் காக்ரன்.

இந்த வீழ்ச்சி நம்மையும் தொடாமல் இல்லை. விலை சரிந்திருந்த அந்த ஆண்டுகளில் இந்திய நூற்பாலைகள் வெளிநாட்டுப் பஞ்சை லட்சக்கணக்கான பேல்களில் இறக்கின. ஆலைக்கு ஆதாயம், விதர்பாவிலும் தெலங்கானாவிலும் ஏற்கெனவே கடனிலும் பூச்சியிலும் நொந்துபோயிருந்த பருத்தி விவசாயிக்கு இன்னொரு அடி.

2003 ஏப்ரல் 30 அன்று நான்கு நாடுகளும் உலக வர்த்தக அமைப்பின் தலைமை இயக்குநர் சுபாச்சாய் பானிச்பக்டிக்குக் கூட்டாக ஒரு மனு அனுப்பின. அதற்கு 'பருத்திக்கான துறை முன்முயற்சி' என்று பெயர். கோரிக்கைகள் இரண்டே இரண்டு. ஒன்று, பருத்திக்கான மானியங்களை மூன்று ஆண்டுகளில் முழுவதுமாக ஒழிக்க வேண்டும். இரண்டு, அதுவரை எங்களுக்கு ஏற்படும் நட்டத்தை ஈடு செய்ய வேண்டும். நேரடி நட்டம் மட்டும் ஆண்டுக்கு 25 கோடி டாலர் என்று கணக்கும் காட்டினார்கள். மனுவுக்குப் பின்னால் விவசாயிகளின் குரலும் இருந்தது. புர்கினாவின் பருத்தி விவசாயிகள் சங்கத் தலைவர் ஃபிரான்சுவா த்ராவோரே அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அண்டை நாட்டுச் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு இந்தக் கேள்வியை எழுப்பிவந்தார். ஜூலையில் மாலி அதிபர் அமடூ துமானி தூரேயும் கொம்பாவோரேவும் சேர்ந்து 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் அமெரிக்க மக்களுக்கு நேரடியாகக் கட்டுரை எழுதினார்கள்.

இதற்குள் மெக்சிகோவின் கடற்கரை நகரமான கான்கூனில் அமைச்சர்கள் மாநாட்டுக்கு நாள் குறித்தாயிற்று. 2003 செப்டம்பர் 10 முதல் 14 வரை. ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தங்களுக்குள் பேசி முடித்து ஒரு கூட்டு வரைவை வைத்தன. இருவருடைய மானியத்துக்கும் பங்கம் வராத வரைவு. அதற்குப் பதிலடியாக ஒரே வாரத்தில் பிரேசில், இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகள் ஓரணியில் திரண்டன. ஜி-20 என்று பின்னால் பெயர் பெற்ற அந்த அணிக்கு பிரேசிலின் செல்சோ அமோரிமும் நம் அருண் ஜேட்லியும் முன்னணியில் நின்றார்கள். அந்தக் கதை பெரியது. தனி அத்தியாயத்துக்கு உரியது.

மாநாடு தொடங்கிய அன்றே வேலிக்கு வெளியே ஓர் உயிர் போயிற்று. தென்கொரிய விவசாயி லீ கியுங் ஹே, 'உலக வர்த்தக அமைப்பு விவசாயிகளைக் கொல்கிறது' என்று எழுதிய அட்டையை அணிந்தபடி தடுப்பு வேலியின் மீது ஏறித் தன்னைத் தானே குத்திக்கொண்டு இறந்தார். உள்ளே அமைச்சர்கள் பருத்தியைப் பற்றிப் பேச உட்கார்ந்தார்கள்.

பருத்திக்கு நிகழ்ச்சி நிரலில் தனி இடம் கிடைத்ததே பெரிய சாதனை. சுபாச்சாய் வழக்கத்தை மீறி, நான்கு நாடுகளின் வழக்கைக் கவனிக்க வேண்டும் என்று அவையில் தாமே பேசினார். அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி ராபர்ட் ஸோயலிக் வேறு விதமாகப் பேசினார். விலை இறங்கியதற்குச் செயற்கை இழை காரணம், துணி வர்த்தகத் தடைகள் காரணம், ஆகவே பருத்தியை மட்டும் தனியே பேசக் கூடாது, இழை முதல் ஆடை வரை மொத்தச் சங்கிலியையும் சேர்த்துப் பேசலாம் என்றார். நோயாளிக்கு மருந்து கேட்டு வந்தவரிடம், முதலில் ஊருக்கே சுகாதாரத் திட்டம் போடுவோம் என்பது போன்ற பதில். செயற்கை இழையின் போட்டி உண்மைதான். அதனால் 300 கோடி டாலர் மானியம் நியாயமாகிவிடாது.

செப்டம்பர் 13 அன்று மாநாட்டுத் தலைவர், மெக்சிகோ வெளியுறவு அமைச்சர் லூயிஸ் எர்னஸ்டோ தெர்பேஸின் பெயரில் திருத்திய வரைவு வெளியானது. பருத்திக்கு ஒதுக்கியது ஒரே ஒரு பத்தி. மூன்று ஆண்டுக் கெடு அதில் இல்லை. நட்ட ஈடு இல்லை. மானியத்தை எப்போது எவ்வளவு குறைப்பது என்றும் இல்லை. அதற்குப் பதிலாக, பருத்தியைப் பெரிதும் நம்பியிருக்கும் நாடுகள் வேறு தொழில்களுக்கு மாறுவதற்கு, ஏற்கெனவே இருக்கும் திட்டங்களையும் நிதியையும் திருப்பிவிடுமாறு உலக வங்கி போன்ற அமைப்புகளோடு தலைமை இயக்குநர் ஆலோசிப்பார் என்று எழுதியிருந்தது. எளிய தமிழில் சொன்னால், நீங்கள் பருத்தியை விட்டு வேறு பயிருக்குப் போங்கள்.

மலிவாக விளைவிக்கிறவன் வயலை விட்டுப் போக வேண்டும், இரண்டு மடங்கு செலவில் விளைவிக்கிறவன் அங்கேயே இருக்கலாம். தாராள வர்த்தகத்தின் பெயரால் கூடிய ஒரு மாநாட்டின் வரைவில் இப்படி ஒரு வாசகம் இடம்பெற்றது என்பதை இந்தத் தலைமுறை மறக்கக் கூடாது. அந்த ஊர்களில் பருத்தியை விட்டால் மக்காச்சோளத்துக்கு உரம் கிடைக்காது என்பது வரைவை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்துகொள்ள அவர்கள் அக்கறைப்படவில்லை என்றே நினைக்கிறேன். ஆப்பிரிக்கப் பிரதிநிதிகள் கொதித்துப் போனார்கள்.

மறுநாள் மாநாடு முறிந்தது. நேரடிக் காரணம் பருத்தி அல்ல. அந்நிய முதலீடு, போட்டிச் சட்டம், அரசு கொள்முதல், சுங்க நடைமுறை ஆகிய நான்கு 'சிங்கப்பூர் விவகாரங்களை'யும் பேச்சுவார்த்தையில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் தென்கொரியாவும் பிடித்த பிடிவாதம்தான். ஐரோப்பாவின் பாஸ்கல் லாமி கடைசி நேரத்தில் சிலவற்றைக் கைவிட முன்வந்தார். ஆப்பிரிக்க நாடுகள் அசையவில்லை. பருத்திக் கோரிக்கைக்கு அப்படியொரு பதிலைக் கொடுத்தவர்களுக்கு இன்னொரு சலுகை தர அவர்களுக்கு எப்படி மனம் வரும்? தெர்பேஸ் கூட்டத்தை முடித்துவைத்தார்.

பேச்சுவார்த்தையில் கிடைக்காத நியாயம் நீதிமன்றத்தில் கிடைத்தது. ஆனால் கிடைத்தது வேறொருவருக்கு. 2002 செப்டம்பரிலேயே பிரேசில், அமெரிக்கப் பருத்தி மானியத்தின் மீது உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடங்கியிருந்தது. சமாதானப் பிரிவு இன்னும் உயிரோடு இருந்த நேரம். பிரேசில் பிடித்தது முன்பு சொன்ன அந்த நிபந்தனையை: பருத்திக்கு அமெரிக்கா தரும் ஆதரவு 1992 அளவைத் தாண்டிவிட்டது, ஆகவே காப்பு செல்லாது. 1999 முதல் 2002 வரையிலான பருத்திக்கு மானியமாகப் போனது 1,247 கோடி டாலர், அது விளைந்த பருத்தியின் மதிப்பில் 89.5 விழுக்காடு என்று பிரேசில் கணக்கு வைத்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் டேனியல் சம்னர், தம் சொந்த நாட்டின் மானியத்துக்கு எதிராகவே ஆய்வை அளித்தார். மானியம் இல்லாதிருந்தால் உலக விலை சராசரியாக 12.6 விழுக்காடு உயர்ந்திருக்கும் என்பது அவர் கணிப்பு.

வழக்கில் ஒரு நுட்பமான கட்டம் உண்டு. அமெரிக்கா ஒரு மானியத்தைப் பச்சைப் பெட்டி என்று சொல்லிவந்தது. என்ன பயிரிட்டாலும், ஒன்றுமே பயிரிடாவிட்டாலும் நிலத்துக்குத் தரும் தொகை, ஆகவே உற்பத்தியைப் பாதிக்காது என்பது வாதம். பிரேசில் அந்தச் சட்டத்தின் ஒரு சிறு விதியை எடுத்துக் காட்டியது. அந்த நிலத்தில் பழமும் காய்கறியும் காட்டரிசியும் பயிரிட்டால் தொகை கிடைக்காது. பிறகு எப்படி உற்பத்தியைப் பாதிக்காத மானியம் ஆகும்? நடுவர் குழு பிரேசில் பக்கம் நின்றது. 2004 செப்டம்பரில் தீர்ப்பு; 2005 மார்ச்சில் மேல்முறையீட்டிலும் அமெரிக்கா தோற்றது. பெனினும் சாடும் இந்த வழக்கில் மூன்றாம் தரப்பாக நின்று தங்கள் வாதத்தைப் பதிவு செய்தன.

2006-இல் 'ஸ்டெப் 2' திட்டத்தை அமெரிக்கா ரத்து செய்தது. மற்ற பெரிய மானியங்கள் தொடர்ந்தன. உலக வர்த்தக அமைப்புக்குப் போலீஸ் கிடையாது; தோற்றவர் திருந்தாவிட்டால், வென்றவர் தம் நாட்டில் அவருடைய சரக்குக்கு வரியை உயர்த்திப் பதிலடி கொடுக்கலாம், அவ்வளவுதான். 2010-க்கான பதிலடி உரிமை சுமார் 82.9 கோடி டாலர் என்று கணக்கானது. மார்ச்சில் பிரேசில் 102 அமெரிக்கச் சரக்குகளின் பட்டியலை வெளியிட்டது. காப்புரிமைகளிலும் கைவைப்போம் என்றது. அப்போதுதான் வாஷிங்டன் பேச வந்தது. ஆண்டுக்கு 14.73 கோடி டாலரை பிரேசில் பருத்தித் துறைக்கான நிதிக்கு அமெரிக்கா செலுத்தும். பிரேசில் பதிலடியை நிறுத்திவைக்கும். 2014 அக்டோபர் 1 அன்று, மேலும் 30 கோடி டாலர் கொடுத்து விவகாரத்தை ஒரேயடியாக முடித்துக்கொண்டார்கள்.

சட்டத்தை மீறிய மானியத்தை நிறுத்துவதைவிட, வழக்குப் போட்டவருக்குப் பணம் கொடுப்பது அமெரிக்காவுக்குச் சுலபமாக இருந்தது. பிரேசிலுக்குக் கிடைத்த நிதியில் ஒரு சிறு பங்கை ஆப்பிரிக்க நாடுகளுடனான தொழில்நுட்ப ஒத்துழைப்புக்குச் செலவிட ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. நட்ட ஈடு என்று நான்கு நாடுகளுக்கும் எதுவும் வரவில்லை. பெனினும் இதே வழக்கைத் தொடுத்து இதே தீர்ப்பை வாங்கியிருக்கலாம். ஆனால் பெனின் வரியை உயர்த்தினால் எந்த அமெரிக்க நிறுவனத்துக்கு வலிக்கும்? விலை ஏறி வலிப்பது பெனின் மக்களுக்குத்தான். பதிலடி கொடுக்கும் பலம் உள்ளவனுக்கே நியாயம் கிடைக்கும் என்றால், அந்தச் சட்டம் ஏழை நாட்டுக்குப் பாதுகாப்பு ஆகாது.

பேச்சுவார்த்தை மேடையில் வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. 2004 ஜூலை உடன்பாட்டில், பருத்தி விவகாரம் விரைவாகவும் தனிப்பட்ட கவனத்தோடும் தீர்க்கப்படும் என்று எழுதினார்கள். அதற்கென ஒரு துணைக்குழுவும் வந்தது. 2005 டிசம்பரில் ஹாங்காங்கில், பருத்திக்கான ஏற்றுமதி மானியத்தை வளர்ந்த நாடுகள் 2006-இல் நிறுத்தும் என்றார்கள். பெரும் பணம் போவது உள்நாட்டு மானியத்தில். அதைப் பற்றிய வாக்குறுதி, இந்தப் பேச்சுவார்த்தைகள் எல்லாம் அடங்கிய தோஹா சுற்று முடியும்போது நிறைவேறும் என்று விட்டுவிட்டார்கள். 2008 ஜூலையில் ஜெனீவாவில் ஒன்பது நாள் நடந்த பேச்சு, இறக்குமதி வெள்ளத்தைத் தடுக்கும் பாதுகாப்பு ஏற்பாட்டில் இந்தியாவும் அமெரிக்காவும் உடன்படாமல் முறிந்தது. பருத்தியைப் பற்றி எடுப்பதற்குள்ளாகவே எல்லாம் முடிந்துவிட்டது. 2014-இல் அமெரிக்கா பருத்திக்குத் தனிக் காப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தது. 2018-இல் பழைய விலை ஆதரவுக்குள்ளும் பருத்தியை மீண்டும் சேர்த்தது.

இதற்கிடையில் பருத்திக்கு மானியம் தருகிறவர்களின் வரிசையும் மாறியது. 2011-க்குப் பிறகு சீனா தன் விவசாயிக்கு உயர்ந்த விலை கொடுத்து மலைமலையாகப் பஞ்சை இருப்பு வைத்தது. நாமும் குறைந்தபட்ச ஆதரவு விலை தருகிறோம். அது வரம்பைத் தாண்டிவிட்டது என்று 2018-இல் அமெரிக்கா நம்மீது குற்றம் சாட்டியது. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் இந்திய விவசாயிக்குத் தரும் ஆதரவையும் டெக்சாஸ் பண்ணைக்குத் தருவதையும் ஒன்றாக வைப்பது தவறு என்பது என் கருத்து. ஆனாலும் மாலி விவசாயிக்கு முன்னால் நாமும் நம் கணக்கைக் காட்டக் கடமைப்பட்டவர்கள். 2012 முதல் இந்தியா அந்த நாடுகளுக்குப் பருத்தித் தொழில்நுட்பப் பயிற்சி அளித்துவந்தது நல்ல காரியம். ஆனால் அவர்கள் கேட்டது விலை; பயிற்சி அதற்கு ஈடாகாது.

மனு கொடுத்த அதிபர்களும் போய்விட்டார்கள். மாலியின் தூரே 2012 மார்ச்சில் ராணுவத்தால் கவிழ்க்கப்பட்டார். பிரேசிலும் அமெரிக்காவும் கணக்குத் தீர்த்த அதே 2014 அக்டோபரின் கடைசி நாளில், மக்கள் எழுச்சிக்கு அஞ்சி கொம்பாவோரே நாட்டை விட்டு ஓடினார். நான்கு நாடுகளின் முயற்சியால் 2019-இல் அக்டோபர் 7 உலகப் பருத்தி தினமாக அறிவிக்கப்பட்டது; பிறகு ஐ.நா.வும் அதை ஏற்றுக்கொண்டது. 2024 பிப்ரவரி, மார்ச்சில் அபுதாபியில் நடந்த அமைச்சர்கள் மாநாடும் வேளாண்மையில் எந்த முடிவும் எட்டாமல் கலைந்தது. 2003 ஏப்ரல் 30-ஆம் தேதி மனுவில் இருந்த இரண்டு கோரிக்கைகளில் அதுவரை ஒன்றுகூட நிறைவேறியிருக்கவில்லை.

அடுத்த வாரம், கான்கூன் வேலியின் மீது ஏறிய லீ கியுங் ஹேயின் கிராமத்துக்குப் போவோம்.

(தொடரும்)